எழுப்புகிறது

கிளைபெதா துறைமுக அலுவலகம், மூன்றாம் மாடி.
நவம்பர் மூட்டத்தில்
கிரேன்கள் இடுப்பு வரைதான் தெரிகின்றன.
என் திரையில் இருநூற்றுப் பதினாறு பெட்டிகள்,
நடுவே அம்புகள்.

எது எதைத் தாங்குகிறது, எது எதற்குத் தரவு தருகிறது,
வியாழனுக்குள் அறிக்கை வேண்டுமாம்.
ஆழம் மூன்று என்று வைத்தேன்:
பூனை புகுந்த நூற்கண்டு.
ஒன்று என்று வைத்தேன்:
முகம் பார்த்துக்கொள்ளாத அண்டைவீட்டார்.
இரண்டில் நிறுத்தி
சுங்கத்துக்கு நீலம், சரக்குக்குப் பழுப்பு,
சம்பளப் பட்டியலுக்கு, ஏனோ, ரோஜா.

வலது மூலையில் தனியே ஒதுங்கியது ஒன்று.
'காற்று-2'.
உள்ளே ஓர் அம்பு வருகிறது, வெளியே எதுவும் போகவில்லை.
உரிமையாளர்: காலி.
"யாரும் கேட்காத ரேடியோவுக்கு எதற்குக் கரண்ட்"
என்றாள் ஸ்கைஸ்தே.
அணைக்க வேண்டியவற்றில் சேர்த்து
சிவப்பு தீட்டினேன்.
ஒரு சொடுக்குதான்.

கிந்தவ்தாஸ் வந்தது பால் கேட்டு.
படகு அனுப்பும் அறையில் தீர்ந்துவிட்டதாம்.
காலிக் கோப்பையோடு என் தோளுக்குப் பின்னால் நின்று
சிவப்பைப் பார்த்தான்.
"ஐயோ, அது இல்லாவிட்டால் நான் தூங்கிப்போவேனே."

காற்று வேகம் இருபதைத் தாண்டினால்
அவன் அறை மூலையில் ஒரு பழைய பிரிண்டர்
கடகடவென்று தாள் துப்பும்.
தாளை அவன் படிப்பதேயில்லை.
சத்தம் போதும்.
விழித்த கையோடு போனை எடுத்து
பைலட் படகைத் திரும்பச் சொல்வான்.
ஒன்பது வருடமாக.

பிரிண்டருக்கு எங்கள் மாதிரியில் பெட்டி இல்லை.
தூக்கத்துக்கும் இல்லை.
அவனுக்கு மட்டும் இருந்தது:
'பணியிடம், அனுப்புநர், இரவு'.
காற்று-2-லிருந்து அவன்வரை ஓர் அம்பு இழுத்தேன்.
மென்பொருள் மறுத்தது:
இவ்விரு வகைகளுக்கிடையே இவ்வுறவு அனுமதிக்கப்படவில்லை.

யார் அனுமதித்து வருகிறது காற்று?

அமைப்புகளுக்குள் போய்
புதிய உறவு வகை என்பதை அழுத்தினேன்.
பெயர் கேட்டது.
'தரவளிக்கிறது' இல்லை. 'சார்ந்துள்ளது' ஓரளவு.
பால் எடுக்கப் போனவனைக் கூப்பிட்டு
மறுபடி சொல்லச் சொன்னேன்.
சொன்ன சொல்லையே தட்டினேன்.

வியாழன் கூட்டத்தில்
குறிவிளக்கத்தின் கடைசி வரியில்
இயக்குநரின் பேனா நின்றது.
புள்ளிக்கோடு: எழுப்புகிறது.
"இது அச்சுப் பிழையா?"

இல்லை என்றேன்.
வெளியே காற்று பதினெட்டு.
கிரேன்களின் கால்களைக்
கட்டிக்கொண்டிருந்தார்கள்.