வடக்கிலிருந்து வந்த வெயில்

எங்கள் துறைமுகத்தை விட்டு
நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி இருபத்தொன்றில் திரும்பும்.
தெற்கே இரு மலைகளுக்கு நடுவில்
பல் விழுந்த இடம்போல ஒரு சந்து.
அதன் அடியில் ஒரு கீற்றுக் கடல்.
அங்கே, நண்பகலில், நாலே நிமிடம்.

அன்றைக்கு ஊரே சூரிய பன் தின்னும்.
கடையும் கல்லாவும் துரீட்டுடையவை,
மாவு பிசைவது நான்.

இந்த வருடம்
பதினான்காம் தேதியே
மீன்கிடங்கின் மஞ்சள் சுவரில் வெயில் விழுந்தது.
தபால்காரர் ஓட்வார்தான் முதலில் கத்தினார்.
பள்ளிக்கூடம் காலியானது.
பல்மருத்துவர் ஒருத்தியை
வாய் திறந்தபடியே கூட்டி வந்தார்.
பாதி உப்பிய மாவை அப்படியே
அடுப்புக்குள் தள்ளினேன்.

திசை தெரியாதவர்கள் அல்ல நாங்கள்.
மூடுபனியில் வாசனை பிடித்தே
படகைக் கரைசேர்ப்பவர்கள் இங்கே உண்டு.
ஆனால் ஐம்பது நாள் காத்திருந்தவன் வாசலில்
வெளிச்சம் வந்து நின்றால்
எந்தப் பக்கமிருந்து வருகிறாய் என்றா கேட்பான்?

மிக்கல் மட்டும்
வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார்.
அக்டோபரில் மனைவியைப் புதைத்தவர்.
ஊர் தன் கணக்கைப் போட்டு முடித்திருந்தது:
பாவம், வெளிச்சத்தைப் பார்க்க மனசில்லை.
நானும் அதே கணக்கோடுதான்
ஒரு பன்னை எடுத்துக்கொண்டு போனேன்,
முகம் நிறைய இரக்கம்,
கை நிறையச் சர்க்கரைத்தூள்.

கடித்தார்.
"உள்ளே வேகவில்லை."
பிறகு தன் காலடியைக் காட்டினார்.
"நிழல் தெற்கே விழுகிறது."

பார்த்தேன்.
குழந்தைகள், நாய்கள், கொடிக்கம்பம், ஓட்வாரின் சைக்கிள்,
எல்லாவற்றின் நிழலும்
சூரியன் வரவேண்டிய சந்தை நோக்கி
நீட்டிப் படுத்திருந்தது.

மேலே, வடக்குச் சரிவில், மேகம் கிழிந்த இடத்தில்
கேபிள் கார் நிலையத்தின் புதுக் கண்ணாடிச் சுவர்.
போன வாரம் மாட்டியது.
அந்த உயரத்துக்கு மட்டும் எட்டிய சூரியனை
பெரிய நோட்டுக்குச் சில்லறைபோல
எங்கள் கையில் போட்டுக்கொண்டிருந்தது.

வெளிச்சம் சொன்ன பொய்யை
நிழல் காட்டிக்கொடுத்தது என்று
எழுதினால் அழகாக இருக்கும்.
ஆனால் கண்ணாடி பொய் சொல்லவில்லை.
தான் சூரியன் என்று அது சொல்லவே இல்லை.
நாங்கள்தான் சொன்னோம்.
என் கழுத்து சூடானதும்
பொய்யில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஏழாவது நிமிடம்
வெயில் மறையவில்லை, அணைந்தது,
யாரோ சுவிட்சைத் தட்டியதுபோல.
அன்றிரவு மதுக்கடையில்
தனக்கு முதலிலேயே சந்தேகம் என்று
சொல்லாத ஆளில்லை.

வெளுத்ததெல்லாம் பால் என்பது
பசு உள்ள ஊர்ப் பேச்சு.
இங்கே வெளுத்ததெல்லாம் பனி,
அதற்குள் கல் இருக்கலாம், கடல் இருக்கலாம்,
காலை வைத்தால்தான் தெரியும்.

இருபத்தொன்றாம் தேதி பாதிப் பேர்தான் வந்தார்கள்.
வந்தவர்களும் முதலில் குனிந்து நிழலைப் பார்த்தார்கள்,
பிறகே நிமிர்ந்தார்கள்.
சந்தில் ஒரு செம்பு விளிம்பு.
கப்பல்களுக்கு வழிகாட்டும் சின்னவே
என் காதருகே சொன்னாள்:
"இது இன்னும் சூரியன் இல்லை.
அது கடலுக்குக் கீழேதான் இருக்கிறது.
காற்று வளைத்துத் தூக்கிக் காட்டுகிறது."
"நிழல் சரியாக வடக்கே விழுகிறதே?"
"நிழலும் அதைத்தான் நம்புகிறது."

மிக்கலைத் தேடிப்போய்க் கேட்டேன்.
எல்லாரும் ஏமாந்தபோது
உங்களுக்கு மட்டும் எப்படிக் கீழே பார்க்கத் தோன்றியது?
துக்கம் கற்றுத்தந்த ஏதோ ஒன்றை
அவர் சொல்வார் என்று
மனசுக்குள் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன்.
"கண்புரை," என்றார். "வெளிச்சம் குத்துகிறது.
மார்ச்சில் ஆபரேஷன்."

துரீட்டின் கணக்குப் புத்தகத்தில்
சூரிய நாள் என்ற தலைப்பின்கீழ்
இந்த வருடம் இரண்டு தேதிகள்.
பதினான்கு: இருநூற்றுப் பத்து பன், வேகாதவை.
இருபத்தொன்று: தொண்ணூறு.
எதை அடிக்க என்று கேட்டேன்.
இரண்டுக்கும் காசு வந்துவிட்டது என்று
பேனாவை வாங்கி
காதில் செருகிக்கொண்டாள்.