நில், போ

க்வூதிங் தாண்டி மலையேறும் சாலையில்
புசெலெட்சோவுக்கு ஒரே வேலை.
பலகையின் ஒருபக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை.
திருப்பினால் வண்டிகள் நிற்கும்,
திருப்பினால் போகும்.
ஒளிரும் சட்டைக்கு மேல் கம்பளி, உதட்டில் வெடிப்பு,
லெசோத்தோவின் ஜூலைக் குளிர்.

செவ்வாயன்று பாறை வெட்டிய இயந்திரம்
பாதியில் அணைந்தது.
செம்மண் கல்லுக்குள் ஒரு கால்.

தூரிகையும் பிளாஸ்டர் மூட்டையுமாக
மாசேருவிலிருந்து மொட்லாட்சி வந்தான்.
"ஆட்டுக்குட்டியா?"
"ஆடு என்பதே இல்லாத காலம்.
இருபது கோடி வருஷம் இருக்கும்.
பார், தொடை குட்டை, கீழ்க்கால் நீளம்.
ஓடுவதற்கென்றே போட்ட கணக்கு."

அவள் முழங்கால் உயரம்கூட வராது.
உடம்பில் பாதி வால்,
திரும்பும்போது விழாமலிருக்க.
கிளி மூக்கு போல வாய்நுனி,
இலை கடிக்க இலை வடிவிலேயே பல்.
வற்றப்போகும் ஆற்றோரம்
ஒரு கடி, ஒரு நிமிர்வு,
ஒரு கடி, ஒரு நிமிர்வு.
பாதி வயிறு எப்போதும் காதுக்கே போனது.

கொம்பில்லை. ஓடில்லை. கடிக்கத் தெரியாது.
புறமுதுகு காட்டுவதுதான் பிழைப்பு.
முதுகில் புண் பட்டால் மானக்கேடு என்று
வடக்கிருந்து உயிர்விட்ட மொழி என்னுடையது.
இதற்கு முதுகில் தழும்பிருந்தால்
அன்றைக்குத் தப்பிவிட்டது என்று பொருள்.
எந்தப் புலவனும் பாடாத ஓட்டம்;
ஆனாலும் குட்டிகள் பிறந்தன,
குட்டிகளுக்கும் கால் நீண்டது.

பிடித்தது பல்லோ நகமோ அல்ல, கோடை.
மொட்லாட்சி இன்னும் கொஞ்சம் சுரண்டினான்.
ஒன்றல்ல, இரண்டு.
ஒன்றின் வாலுக்குள் மற்றொன்றின் தலை.
மழை வரும்வரை தூங்கலாமென்று படுத்தவையாம்.
"இருக்கலாம்" என்றான், "தெரியாது."
மேலே மணல். மணல்மேல் நெருப்புக் குழம்பு.
அது ஆறி, இந்த மலை.

"இது எலும்புதானா?"
ஒரு சில்லை அவள் கையில் வைத்தான்.
"நக்கிப் பார். கல்லென்றால் விட்டுவிடும்."

விடவில்லை.
நாக்கு நுனியைப் பிடித்துக்கொண்டது
பால்குடி மறக்காத எதுவோ போல.
பேச முடியாமல் நின்றாள்.

கீழே டாக்சி வேன் ஹாரன் அடித்தது,
பின்னால் இன்னொன்று, கோதுமை லாரி,
கழுதையோடு ஒரு பையன்.
எவ்வளவு நேரமாய் சிவப்பைப் பிடித்திருக்கிறாளோ!

"என்ன அங்கே, விபத்தா?" ஓட்டுநர் கத்தினான்.

நாக்கில் மண்.
துப்ப மனம் வரவில்லை.
விழுங்கிவிட்டுப்
பலகையைத் திருப்பினாள்.