படம் ஏழு

அரசூர் தாண்டி பைபாசிலிருந்து உள்ளே திரும்பினால்
கருகின மணல் வாசம் முதலில் வரும், ஃபவுண்டரி பிறகு.
ஆறு வாரம் அங்கே இன்டர்ன்ஷிப்.
உருக்கு இரும்பை ஏந்திப்போகும் லேடிலின்
சுவர் வழியே வெப்பம் எப்படி நடக்கிறது,
அதற்கு ஒரு கணக்கு.

மூன்று அடுக்கு.
உள்ளே எழுபத்தைந்து மில்லிமீட்டர் அலுமினா காங்கிரீட்,
நடுவே சுண்டுவிரல் கனத்தில் காப்புப் பலகை,
வெளியே கறுத்த இரும்புத் தகடு.
எல்லாவற்றையும் வெங்காயம்போல் மெல்லிசாய் அரிந்து
ஒவ்வொரு துண்டிடமும் கேட்க வேண்டும்:
உன் அக்கம்பக்கம் எவ்வளவு சூடு?
அப்படியானால் அடுத்த நொடி நீ?

ஒரு நொடி என்று வைத்தேன்.
தகடு மைனஸ் நாற்பதாயிரம் டிகிரிக்கு விழுந்து
அங்கிருந்து சூரியனைத் தாண்டிக் குதித்தது.
கால் நொடியாகக் குறைத்தேன். அடங்கியது.
இரும்புக்கு எல்லாமே அவசரம்.
காங்கிரீட் அப்படியில்லை,
காலையில் சொன்னதைப் பொழுதோடுதான்
காதில் போட்டுக்கொள்ளும்.

புது லைனிங்கைக் காயவைத்த அன்று
தெர்மோகப்பிள் நூறில் வந்து நின்றுவிட்டது.
அரைமணி நேரம். கம்பி அறுந்ததென்று
வேறு கம்பி மாட்டினேன். அதுவும் நூறு.
தகட்டுத் துளைகளில் ஆவி சீறி
கண்ணாடி மங்கியபோதுதான் உறைத்தது,
என் சமன்பாட்டில் தண்ணீரே இல்லை.

நான்காம் வாரம் படம் ஏழு வந்தது.
ஊற்றி முடித்ததும் உள்சுவர் ஆறத் தொடங்குகிறது.
தகடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.
காலியாகி நாற்பத்திரண்டாவது நிமிடம்
அதன் உச்சம்: இருநூற்றுப் பதினெட்டு.

"படத்தைக் கம்மி பண்ணு அம்மிணி,
பத்துப் பக்கத்துக்குள்ள முடி" என்றார் அத்தியப்பன் சார்.
"காலி லேடிலப் பத்தி யாரு கேக்கறாங்க?"
யாரும் கேட்கவில்லைதான்.
எடுத்துவிட்டேன்.
அழிப்பதற்கு ஒரு பொத்தான் போதும்.

வியாழக்கிழமை, டீ நேரம்.
ஸ்டாண்டில் காலி லேடில்.
குந்தியிலிருந்து வந்த சுக்ரா முண்டா
அதற்கப்பாலிருந்த தண்ணீர் கேனை எட்டி எடுக்க
முழங்கையைத் தகட்டில் ஊன்றினான்.
முப்பது டிகிரி இரும்பும் இருநூறு டிகிரி இரும்பும்
பார்வைக்கு ஒரே கறுப்பு.

அவன் கத்தினான்.
நான் முதலில் பார்த்தது அவன் கையை அல்ல,
சுவர்க் கடிகாரத்தை.
ஊற்றி முடித்தது இரண்டு இருபது. இப்போது மூன்று.
இரண்டு நிமிட வித்தியாசம்.
ஆறு வாரத்தில் என் கணக்கு
இவ்வளவு சரியாக வந்ததே இல்லை.

சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ.க்கு கம்பெனி பொலிரோவில் போனோம்.
சென்னியப்பன் ஓட்டினார். ஒரு சிக்னலிலும் நிற்கவில்லை.
"காலிதானே அக்கா?" என்று சுக்ரா
திரும்பத் திரும்பக் கேட்டான்.
அவன் தமிழ் நான்கு மாதத் தமிழ்,
என் இந்தி அதைவிடக் குறைவு.
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் அந்த வளைகோட்டை வரைந்தேன்:
இங்கே ஊற்றினோம், இங்கே காலி,
இங்கே நீ.
நல்ல கையால் சீட்டைத் திருப்பிப் பிடித்து
வெகுநேரம் பார்த்தான்.
"இது எப்போ போட்டீங்க?"

களிம்புக்கு வரிசை நகர்ந்தது. எழுந்துபோனேன்.

மறுநாள் பதினோரு பக்கமாகக் கொடுத்தேன்.
அத்தியப்பன் சார் எண்ணவில்லை.
லேடில் ஸ்டாண்டில் சாக்பீஸால் யாரோ எழுதியிருந்தார்கள்,
தமிழிலும் இந்தியிலும்:
காலி, தொடாதே, ஒரு மணி நேரம்.
நாற்பத்திரண்டை முழுசாக்கிவிட்டார்கள். அதுதான் சரி.

அன்றிரவு ஹாஸ்டலில் நன்றாகத்தான் சாப்பிட்டேன்.
நன்றாகத்தான் தூங்கினேன்.
ஞாயிற்றுக்கிழமை, காந்திபுரம் போகிற பஸ்ஸில்,
சில்லறை நீட்டிய கை
நடுங்க ஆரம்பித்தது.