சாய்வு

மழை பிடித்த மூன்றாம் நாள்
நகரசபைக் களஞ்சியத்தில் பழைய வரைபடம் தேடினேன்.
துணியில் ஒட்டிய தாள்.
மடிப்புகளில் கறையான் தனக்கொரு கால்வாய் வெட்டியிருந்தது.
கீழே, வலது மூலையில், பழுப்பு மையில்
தேசாதிபதி சேர் லயனல் பெதரிக்கின் ஒப்பம்.
அதன் வால் நீண்டு அளவுகோலைத் தொடுகிறது.

கெட்டவரென்று சொல்ல வரவில்லை.
வாந்திபேதி வந்த வருடம்
தன் குதிரைவண்டியை ஆஸ்பத்திரிக்கு விட்டுக்கொடுத்தவர்.
பிறகு தூதுவராகி,
எங்கோ இரண்டு நாட்டுக்கு நடுவே ஓர் ஆற்றைப் பங்கிட்டாராம்.
மேசையை விட்டு எழும்போது இரு தரப்பாரும்
தாங்களே வென்றதாக நினைத்துக் கைகுலுக்கினார்களாம்.
"முடியாது" என்று அவர் எழுதிய கடிதம்
ஒன்றுகூட இல்லை.

இந்தப் படத்திலும் இல்லை.
கறுவாத்தோட்டத்து மாளிகைகளின் பின்னால்
மெல்லிய நீலக் கோடு புறப்படுகிறது,
நூறடிக்கு மூன்று அங்குலம் பணிந்து,
ரயில் பாதைக்கு அடியால் குனிந்து நுழைந்து.
அப்பால் வெறும் பச்சை. சதுப்பு. ஆட்களில்லை.
ஓரத்தில் அவர் கைப்படக் குறிப்பு:
நீர் தன் இயல்பான நாட்டப்படி செல்லும்.

அந்தப் பச்சையில்தான் இப்போது
நூற்றெழுபதாம் தோட்டம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒன்பது குழாய்.
சித்தி நுஸ்ரா கதவு நிலையில் புருவமையால்
வருடம் வருடமாக வெள்ளத்தைக் குறித்து வைத்திருக்கிறாள்.
பிள்ளைகளின் உயரத்தையும் அதே நிலையில்தான்.
போன வருடம் தண்ணீர்
இளையவனைத் தாண்டியது.

"யாரிடம் மனுக் கொடுக்க?" என்றாள்.
நான் அளவுநாடாவைச் சுருட்டினேன்.

பெதரிக் வீதிக்கு எழுபத்திரண்டில் வேறு பெயர்.
சிலையை இறக்கியபோது மூக்கு போனது.
இதோ என் பின்னால்தான் நிற்கிறார்,
லொறி டயர்களுக்கிடையில்,
யாரோ காயப்போட்ட மழையங்கியைத் தோளில் தாங்கி.
மழை பெயர்ப்பலகை வாசிப்பதில்லை.
இன்றிரவும் அது
மாளிகைப் புல்வெளிகளிடம் மரியாதையாக விடைபெற்று,
நூறடிக்கு மூன்று அங்குலம்,
அவர் சொன்ன வழியில் இறங்குகிறது.

சாய்வைத் திருத்தி நானொரு படம் வரைந்தேன்.
பொறியியலாளர் வெத்தசிங்க
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"நல்ல யோசனை," என்றார். "பரிசீலிப்போம்."
முடியாது என்று அவரும் சொல்லவில்லை.
குடையை எடுத்துக்கொண்டு
மேட்டுப்பக்கமாக வீட்டுக்குப் போனார்.