கேளாக் காது

லாங்கென்தால் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
எனக்குக் கீழே விரித்த வெள்ளைத் துணியின் ஓரத்தில்
நீல நூலில் ஓர் இலக்கம்.
பத்தொன்பது வருசமாய் நான் மடித்த இலக்கம்.
இன்றைக்குத்தான் அதன்மேல் படுக்கிறேன்.

இடது இடுப்பில் புது மூட்டு.
பழையதை எங்கே போட்டார்கள் என்று கேட்கவில்லை.

"பூச்சியத்திலிருந்து பத்துவரை, எவ்வளவு நோகுது?"
உளைவா, கடுப்பா, விண்விண்ணென்ற தெறிப்பா
என்று இங்கு ஒருவரும் கேட்பதில்லை.
ஏழு என்றேன்.
நிலவறையில் எங்கள் ஏழாம் மெசின்தான்
அடிக்கடி நின்றுபோகும்.

குளுசையைக் கூட்டினால் குமட்டல்.
ஆகவே ரெகுலா ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள்.
தோல்நிறப் பிளாஸ்திரி, நடுவில் கறுப்பு விதை,
கடுகுக்கு அண்ணன்.
படம் காட்டினாள்: காதுக்குள் ஒரு பிள்ளை
தலைகீழாய்ச் சுருண்டு கிடந்தது.
அதன் இடுப்பு இருந்த மேல்மடிப்பில்
குச்சி முனையால் தொட்டுத் தொட்டுத் தேடினாள்.
"ஆ" என்றேன்.
"அதுதான்" என்றாள், தொலைந்த சாவியைக் கண்டவள்போல.

தயங்கித்தான் சொன்னேன்:
இது கேட்காத காது.
உலர்த்தும் மெசின் பக்கமாய் நின்ற காது.
செவிடன் காதில் சங்கு என்பதை
ஜெர்மனில் சொல்லத் தெரியவில்லை.
அவளுக்கு எப்படியோ விளங்கிற்று.
"கேட்க வேண்டாம். விரலுக்குப் பதில் சொன்னால் போதும்."

இரவு.
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துகிறேன்,
பிழைவிட்ட பிள்ளையின் காதை முறுக்குவதுபோல.
யார் விட்ட பிழை?
நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது...
காது சுடுகிறது.
நோவு எழும்பிப் போகவில்லை,
ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தது.
ஐந்து.

விதையா, குளுசையா,
பத்தொன்பது வருசத்தில் முதல்தடவையாய்
இந்தக் கட்டடத்தில் ஒருத்தி என் காதைத் தொட்டதா?
ரெகுலாவிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.
பரவாயில்லை.
ஐந்தில் கண்ணயரலாம்.

நாலாம் நாள் காலை ஒரு விதையைக் காணோம்.
தலையணை உறையோடு போயிருக்கும்.
இந்நேரம் கீழே மிலேவா உறையை உதறுவாள்,
வலக்கையால் மட்டும்;
இடது தோள் உயராது அவளுக்கு.
துணியில் ஒட்டிய கறுப்புப் புள்ளியை
நகத்தால் சுரண்டி, குழல்விளக்குக்கு நேரே பிடித்து
யாருடைய ஊத்தை இது என்று வைவாள்.

எறிந்துவிடாதே, மிலேவா.
படத்தில் தோளுக்கும் ஓர் இடம் இருந்தது.