மூன்றாவது வார்டுப் பட்டியல்

கல்லுக்கட்டிக்கு மேற்கே எங்கள் அச்சுக்கூடம்.
ஒரே டிரெடில். ஒரே கம்பாசிட்டர், நான்.
அந்த வருஷம் காரைக்குடி முனிசிபல் தேர்தலுக்கு
இரண்டு கட்சிக்கும் நாங்கள்தான் நோட்டீஸ்.

காலையில் வருவார்
வயிரவன் செட்டியாரின் கணக்குப்பிள்ளை,
ஜஸ்டிஸ் கட்சி, வழவழத்த தாள், சீமை மை.
விளக்குக் கம்பம், ரோட்டுக்குச் சரளை.
சாயங்காலம் திண்ணப்பன் ஆட்கள்,
கதர்ச் சட்டை, கடன்.
"சாணித்தாளானாலும் சரி,
எழுத்துப் பெரிசா இருக்கணும்."

வாழ்க என்று கோத்ததைப் பிரித்துப் போட்டு
ஒழிக என்று கோக்க வேண்டும்.
இரண்டுக்கும் பொது ஒரே எழுத்து, க.
அதை மட்டும் கேஸில் திருப்பிப் போடாமல்
ஓரமாக வைத்திருப்பேன்.

அதற்கு முந்தைய தேர்தலில்
செட்டியார் பெயருக்கு எதிரே
இன்னொரு பெயர் கோக்கும் வேலையே இல்லை.
போட்டியின்றி என்ற சொல்லைப் பிரிக்காமல்
கயிறு சுற்றி அலமாரியில் வைத்தோம்,
அடுத்த தரத்துக்கும் ஆகும் என்று.
பிறகு ரங்கூனில் வட்டி நின்றது.
முதலுக்குப் பதில் சேற்று வயல் வந்தது.
அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக
சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு
சாயங்காலத்தில் வர ஆரம்பித்தார்கள்.

வோட்டர் பட்டியலும் எங்களுக்கே வந்தது.
வரி கட்டுகிறவர்கள் முன்னூற்றுப் பதினாறு பேர்.
கப்பலில் இருப்பவர்கள், கோர்ட்டில் கிடப்பவர்கள்,
தன் பெயரில் வீடு இருப்பதே தெரியாத
ஆச்சிமார் இரண்டு பேர்.
நான் கட்டுவது வாடகை.
வீட்டுக்காரர் கட்டும் வரி அதற்குள்தான் இருக்கிறது
என்பது என் வாதம்.
யாரும் கேட்கவில்லை.

இராமநாதன். இலக்குமணன்.
நடுவில் ஒரு வரிக்கு இடம் இருந்தது.
சரி, இல்லை, நான்தான் உண்டாக்கினேன்.
இ, ரு, ள, ப், ப, ன்.
ஆறு எழுத்து.
தலைகீழாய், இடவலம் மாறி
என் பெயரை ஈயத்தில் அன்றுதான் பார்த்தேன்.
நாற்பத்தாறாம் எண்.
கீழே இருநூற்றெழுபத்தொரு பேரையும்
ஒவ்வோர் எண் தள்ளி உட்காரவைக்க
விடிந்துவிட்டது.

முனிசிபல் குமாஸ்தா சேஷகிரி புரூப் பார்த்தார்.
எங்கோ விட்டுப்போன ஒரு கொம்பை
சிவப்பு மையால் வட்டமிட்டார்.
என் வரிக்கு வந்ததும் பேனா நின்றது.
ஒரு சிட்டிகை பொடி எடுத்து உறிஞ்சினார்.
அடுத்த வரிக்குப் போனார்.

பள்ளிக்கூடத்தில் தட்டி கட்டி மறைத்து
சிவப்புப் பெட்டி, மஞ்சள் பெட்டி.
உள்ளே மை வாசனை வந்தது,
என் விரலிலிருந்துதான்.
இரண்டு பேர் கொடுத்த வாக்கும்
ஒற்றுப் புள்ளி உட்பட எனக்கு மனப்பாடம்.
அது உதவவில்லை.
பாக்கியை நினைத்தேன்:
செட்டியார் பதினோரு ரூபாய், திண்ணப்பன் நாற்பத்திரண்டு.
ஜெயித்தவன்தான் பாக்கி தீர்ப்பான் என்று
கூடுதல் கடன்காரனுக்கு,
மஞ்சளில் போட்டேன்.

பத்தொன்பது வோட்டில் ஜெயித்தார்.
பாக்கி வரவில்லை.
எட்டாம் மாதம் சேர்மன் தேர்வில்
எதிர்ப்பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.
அதற்கும் ஒரு விளக்க நோட்டீஸ், கடனுக்கு.

அடுத்த தேர்தலில்
வயிரவன் செட்டியார் கதரில் வந்தார்.
பட்டியலை இந்தத் தரம் மதுரையில் அச்சடித்தார்கள்,
காசு குறைவாம்.
வாங்கிப் புரட்டினேன்.
நாற்பத்தாறில் இருளப்பன் இருந்தான்.
பழசைப் பார்த்துக் கோத்திருக்கிறான்
அங்கே யாரோ ஒரு கம்பாசிட்டர்,
ராத்திரி கண் விழித்து.

இந்த முறை திருட்டில்லை என்று
வேட்டியை வெளுக்கப் போட்டேன்.
மறுநாள் காலையில் கணக்குப்பிள்ளை வந்தார்,
அதே ஆள், புதுத் தொப்பி.
"அந்தப் பழைய கட்டு இருக்கா?"

அலமாரியில் இருந்தது.
கயிறுதான் இற்றுப்போயிருந்தது.
எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.