ஒப்புக்கொண்ட விழுக்காடு

நாலு வருஷம் மேடம் குவெக்கிடம் கொடுத்தேன்.
ஜாலான் புசாரில் மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது.
ஐம்பது மீட்டரை ஒரே மூச்சில் நீந்துகிற எனக்கே
ஏறி முடிக்கையில் இரைக்கும்.
பிஸ்கட் டின்னைத் திறந்ததும் மூக்கைச் சுளிப்பார்:
குளோரின்.
குளத்தில் தடம் பிடித்த கட்டணம், மிதவைப் பலகை,
பிள்ளைகளுக்கு நீச்சல் கண்ணாடி ஏழு சோடி.
ஈரத்தில் ஒட்டிக்கொண்ட ரசீதுகளை
காயாத அப்பளம் பிரிப்பதுபோல் பிரிப்பார்.
இருநூற்று எண்பது வெள்ளி. பேரம் இல்லை.

"இரண்டே வரி எழுதணும், அதற்கா இருநூற்று எண்பது?"
என்றாள் என்னோடு நீச்சல் சொல்லித்தரும் ரொஸ்லினா.
வந்தது ஒரு வரி, மிஞ்சியது ஒரு வரி.
வரிக்கு இரண்டு வரி.
அவளுக்குத் தமிழ் தெரியாது, சிலேடை என்னுடையது.

ஏப்ரல் பதினேழு, இரவு ஒன்பதே முக்கால்.
புக்கிட் பாத்தோக், பதினொன்றாம் மாடி, சாப்பாட்டு மேசை.
அம்மா வசந்தத்தில் நாடகம் பார்க்கிறார்.
சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் கூட்டுகிறார்.
சிங்பாஸ் முகத்தைக் கேட்டது. காட்டினேன்.

மூன்று முறை கூட்டினேன், மூன்று விடை.
நீச்சலுடை தொழிலுக்கா, எனக்கா?
மழைநாளில் டாக்சி, வகுப்பு ரத்தானால் அது யார் கணக்கு?
மை பறந்து வெள்ளையாகிப் போன ரசீது ஒன்று.
முப்பத்தாறு வெள்ளி என்று நினைவு.
நினைவை எழுதலாமா?
எழுதவில்லை. அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தேன்.

பத்தரைக்கு எண்கள் பொருந்தின.
எழுந்து சோம்பல் முறித்தேன்.
மிச்சம்பிடித்த இருநூற்று எண்பது வெள்ளியில்
என்ன வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்புறம்தான் பெற்றோர் வரிக்கழிவு.
அம்மா பெயர், அடையாள அட்டை எண், ஒரே முகவரியா, ஆம்.
கீழே ஒரு கட்டம்:
உடன்பிறந்தவரோடு பகிர்ந்துகொண்டால்
ஒப்புக்கொண்ட விழுக்காடு.

யாரோடு ஒப்புக்கொண்டது?
அண்ணன் குணாளனும் நானும் பேசி
ஐந்து வருஷம் ஆகப்போகிறது.
அப்பாவின் காப்புறுதிப் பணத்தில் தொடங்கியது.
எந்தச் சொல்லில் முடிந்தது என்று
என்னால் இப்போது சொல்ல முடியாது.
பொங்கோலிலிருந்து ஞாயிறுதோறும் காரில் வருவான்,
அம்மாவை அழைத்துப்போக.
கீழேயே நிற்பான்.
நான் அம்மாவை மின்தூக்கி வரை.

பழைய படிவங்களைத் தோண்டினேன்.
போன வருஷம் எனக்கு அறுபது, அவனுக்கு நாற்பது.
அதற்கு முந்தியது பாதி பாதி.
அம்மா இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வருஷம்,
ஆஸ்பத்திரிக் கட்டணம் அவன் கட்டினான்.
நியாயமான எண்கள்தான். நான் சொன்ன எண்கள் இல்லை.

டின்னின் அடியில் மேடம் குவெக்கின் ரசீது.
மொத்தத் தொகை தவிர எதையும் படித்ததில்லை.
கணக்குத் தயாரிப்பு: இருநூற்று முப்பது.
தொலைபேசி, மிஸ்டர் குணாளன்: ஐம்பது.

வருஷத்துக்கு ஐம்பது வெள்ளி கொடுத்து
அண்ணனோடு பேச ஆள் வைத்திருந்திருக்கிறேன்.

தங்கை எப்படி இருக்கிறாள் என்று
அவன் ஒரு தடவை கேட்டிருந்தாலும்
அதைப் பதிய ரசீதில் இடமில்லை.

அறுபது என்று நானே தட்டிவிடலாம்.
அவனும் அறுபது தட்டினால்
ஓர் அம்மாவுக்கு நூற்றிருபது.
ஆணையம் இருவருக்கும் கடிதம் போடும்.

இரண்டாவது மணியில் எடுத்தான்.
"அம்மாவுக்கு என்ன?"
ஒன்றுமில்லை. வரிக்கணக்கு. விழுக்காடு கேட்கணும்.
அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் ஓசை.
"ஏன், மேடம் குவெக் கேட்கலையா?
முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இன்னும் வேலைக்கு வரலையா?"

முட்டியா?
எனக்கு யாரும் சொல்லவில்லை.
அந்த மூன்று மாடிப் படி.

டிசம்பரில், என்றான். இடது கால்.
மகள் மெல்பர்னிலிருந்து வந்திருந்ததாம்.
அவர் பூனைக்குக்கூட அவனுக்குப் பெயர் தெரிந்திருந்தது.
அம்மா தானாகவே சத்தத்தைக் குறைத்துவிட்டார்.
விழுக்காட்டை இன்னும் யாரும் சொல்லவில்லை.
இதற்குள் பக்கம் காலாவதியாகிவிட்டது.
சிங்பாஸ் மறுபடி முகத்தைக் கேட்கிறது.